வார்பர்க் நோட்டீஸும் கூகுள் ஸ்காலரும்: ஐந்து மாதம் பாவித்த பிறகு என் விமர்சனம்

கொட்டகலையில் இருக்கிறேன். உயர்தர வகுப்புக்குத் தமிழ் மொழியில் உயிரியல் படிப்பிக்கிறேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர், பப்மெட் என்ற இரண்டு இணையத் தளங்களையும் ஆராய்ச்சி செய்கிறவர்கள்தான் பாவிப்பார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். இந்த ஐந்து மாதத்தில் என் போனில் அதிகம் திறந்தது அவற்றைத்தான். காரணம் என் அண்ணி.

அண்ணிக்கு மார்பகப் புற்றுநோய். கண்டி ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள். கிளினிக் நாளில் விடிகாலை பஸ்ஸைப் பிடித்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று இறங்கிப் போய்ச் சேர வேண்டும். மூன்றாவது தடவை மருந்து ஏற்றிவிட்டு வந்தபோது அவர் பையில் ஒரு மா டின் இருந்தது. 6,500 ரூபாய். கூடவே நாலாக மடித்த ஒரு நோட்டீஸ். விற்றவர் யார், எந்தக் கடை என்று இங்கே எழுதப்போவதில்லை. நோட்டீஸில் என்ன இருந்தது என்பதுதான் முக்கியம்.

மேலே ஒட்டோ வார்பர்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானியின் படம். கீழே, ‘புற்றுநோயின் மூலகாரணத்தைக் கண்டுபிடித்து 1931இல் நோபல் பரிசு வென்றவர். உலக விஞ்ஞானிகள் பல்லாயிரம் தடவை மேற்கோள் காட்டியவர்.’ அதற்கும் கீழே தடித்த எழுத்தில், ‘சீனியை நிறுத்துங்கள், சோற்றை நிறுத்துங்கள், கட்டி பட்டினியில் செத்துவிடும்.’

அண்ணி சோற்றை நிறுத்திவிட்டார். பாணும் இல்லை, ரொட்டியும் இல்லை. அந்த மாவும் வெந்நீரும் கொஞ்சம் கீரையும்தான். பதினைந்து நாளில் தோட்டத்து டிஸ்பென்சரித் தராசில் நாலு கிலோ குறைந்திருந்தது. “சாப்பிடுங்க அண்ணி” என்றால், “நோபல் பரிசுன்னு படத்தோட போட்டிருக்கே பிள்ள, பொய்யாவா போடுவாங்க?” என்று என்னையே கேட்டார். பதில் தெரியாமல் நான் நின்றேன். வார்பர்க்கின் பெயரை நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் எழுதிய ஒரு வரியைக்கூட நான் வாசித்ததில்லை.

அன்றிரவே தேட ஆரம்பித்தேன்.

நோபல் விஷயம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. பரிசுக் குழுவின் தளத்திலேயே இருக்கிறது. 1931இன் பரிசு, சுவாச நொதியத்தின் இயல்பையும் அது வேலை செய்யும் விதத்தையும் கண்டறிந்ததற்காக. புற்றுநோயின் காரணத்துக்காக அல்ல. நோட்டீஸின் முதல் வரியே பிழை.

‘பல்லாயிரம் மேற்கோள்’ என்பது மட்டும் பொய்யில்லை. அதனால்தான் அது என்னை அதிக நாள் அலைக்கழித்தது.

கூகுள் ஸ்காலர் 2004இலிருந்து இருக்கிறது, காசு கேட்பதில்லை. கட்டுரையின் பெயரைத் தட்டினால் கீழே சிறிய எழுத்தில், இதை மேற்கோள் காட்டியவை இத்தனை என்று ஓர் எண் வரும். ‘புற்றுக் கலங்களின் தோற்றம் பற்றி’ என்று வார்பர்க் 1956 பெப்ரவரியில் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரைக்கு அந்த எண் ஐந்து இலக்கம். பார்த்ததும் எனக்கும் ஒரு மலைப்பு வந்தது. அண்ணி ஏன் நம்பினார் என்பது அந்த நிமிடத்தில் விளங்கியது. அவ்வளவு பெரிய எண்ணைக் கண்டால் யாருக்கும் கேள்வி கேட்கத் தோன்றாது.

ஆனால் அந்த எண்ணை அழுத்தலாம். என்னைப் பொறுத்தவரை ஸ்காலரின் முழுப் பெறுமதியும் அதில்தான் இருக்கிறது. அழுத்தினால் மேற்கோள் காட்டிய கட்டுரைகள் எல்லாம் வரிசையாக வருகின்றன. மேலே ஒரு சிறு பெட்டியில் சரி போட்டால் அந்தக் கட்டுரைகளுக்குள் மட்டும் தேடலாம். இழைமணி (கலத்துக்குள் சுவாசம் நடக்கும் இடம்), சுவாசம், பழுது என்ற மூன்றுக்கும் ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தேடினேன். அன்று மழை, சிக்னல் வந்து வந்து போனது. ஒரு பக்கம் திறக்க ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கலாம். ஆனாலும் எழும்ப மனம் வரவில்லை.

வார்பர்க் 1956இல் சொன்னது, புற்றுக் கலத்தில் சுவாசம் திருத்த முடியாதபடி பழுதாகிறது, அதனால்தான் அது புற்றாகிறது என்பது. அதே வருடம் அதே சயன்ஸ் இதழில் சிட்னி வைன்ஹவுஸ் என்பவர் அதை நேரடியாக மறுத்திருக்கிறார். புற்றுக் கலங்களும் ஒட்சிசனை எடுத்துச் சுவாசிக்கத்தான் செய்கின்றன, பழுது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது அவர் வாதம். வார்பர்க்கின் பதிலும் அந்த மறுப்புக்குப் பின்னாலேயே அச்சாகியிருக்கிறது. பிற்காலக் கட்டுரைகளைத் திறக்கத் திறக்க, பெரும்பாலான புற்றுக் கலங்களில் இழைமணிகள் வேலை செய்கின்றன என்பதே திரும்பத் திரும்ப வந்தது. வார்பர்க் கண்ட காட்சி சரி, அதற்குச் சொன்ன காரணம் சரியில்லை என்று எழுதுகிறவர்களும் அவர் பெயரைக் குறிப்பிடத்தானே வேண்டும்? அப்படிக் குறிப்பிடும்போது அந்த ஐந்து இலக்க எண்ணில் இன்னும் ஒன்று கூடுகிறது. ஆமோதிப்புக்கும் ஒன்று, மறுப்புக்கும் ஒன்று. நோட்டீஸ் அடித்தவர்கள் மறுத்தவர்களையும் வார்பர்க்கின் சாட்சிகளாக எண்ணிவிட்டார்கள்.

அவர் கண்ட காட்சியை அவர் வாயாலேயே கேட்க ஆசைப்பட்டேன். ஸ்காலரில் அவருடைய ஜெர்மன் கட்டுரைகள் பல பெயர் மட்டும்தான், உள்ளே போக வழியில்லை. ஆனால் 1927இல் இரண்டு சகாக்களோடு ஆங்கிலத்தில் வந்த ஒன்று, உடலுக்குள் கட்டிகளின் அனுசேபம் (உணவைச் சக்தியாகவும் உடற்பொருளாகவும் மாற்றும் வேலை) பற்றியது, பப்மெட் சென்ட்ரல் என்ற கட்டுரைக் களஞ்சியத்தில் முழுதாக இலவசம். பழைய அச்சை அப்படியே படம் பிடித்திருக்கிறார்கள். கட்டியுள்ள எலிகளில், கட்டிக்குள் போகும் இரத்தத்திலும் வெளியே வரும் இரத்தத்திலும் குளுக்கோசை அளந்திருக்கிறார்கள். சாதாரண உறுப்புகள் இரத்தத்தில் வந்த குளுக்கோசில் 2 முதல் 18 சதவீதம் வரை எடுக்க, கட்டிகள் 47 முதல் 70 சதவீதம் வரை எடுத்திருக்கின்றன. எடுத்ததில் பெரும்பங்கை இலத்திக்கமிலமாக (லாக்டிக் அசிட்) வெளியே விட்டிருக்கின்றன. ஒரு எலியின் நாளத்திலிருந்து அந்தக் காலத்தில் எப்படி இரத்தம் எடுத்தார்கள் என்று விவரிக்கும் பகுதியை நான் இரண்டு தடவை வாசித்தேன். இருபது வருடமாகக் கிளைக்கோப்பகுப்பு, அதாவது கலம் குளுக்கோசை உடைக்கும் முதல் கட்டம், படிப்பிக்கிறேன். அந்தப் பாடம் என் கண் முன்னால் நடந்தது போல் இருந்தது அன்றுதான். அவருடைய பரிசோதனையில் எனக்கு இப்போதும் அளவில்லாத மரியாதை. அந்த மரியாதையை ஒரு மா டின்னில் ஒட்டி விற்றதுதான் வயிறெரிகிறது.

இனி பப்மெட். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தினுடையது, 1997இலிருந்து எல்லோருக்கும் இலவசம், 3 கோடியே 70 லட்சத்துக்கு மேல் பதிவுகள். ஒரு சொல்லைத் தட்டினால் வருடவாரியாக எத்தனை கட்டுரைகள் என்று சிறு தூண்களாகக் காட்டும். கட்டிகள் ஒட்சிசன் இருந்தும் குளுக்கோசை இலத்திக்கமிலமாக்குவதற்கு ‘வார்பர்க் விளைவு’ என்று பெயர். அதை ஆங்கிலத்தில் போட்டேன். நீண்ட காலத்துக்குத் தூண்கள் புல் முனை உயரத்தில்தான் நிற்கின்றன. 2000க்குப் பிறகு மெல்ல எழும்பி, 2010 வாக்கில் இருந்து விறுவிறென்று ஏறுகின்றன. வார்பர்க் இறந்தது 1970இல். ‘வார்பர்க் விளைவு’ என்ற பெயரையே எஃப்ரைம் ரேக்கர் வைத்தது 1972இல். அந்த மனிதரின் மேற்கோள்களில் பெரும்பகுதி அவர் மண்ணுக்குள் போன பிறகு வந்தது.

ஏன் அப்படி ஏறியது? அந்த ஏற்றத்துக்குள் இருக்கும் பெரிய பெயர்களில் ஒன்று, 2009இல் வாண்டர் ஹைடன், கான்ட்லி, தொம்சன் மூவரும் சயன்ஸில் எழுதிய கட்டுரை. ஸ்காலரில் அதுவும் பத்தாயிரத்தைத் தாண்டி நிற்கிறது. அவர்கள் கேட்ட கேள்வி நான் படிப்பிக்கும் பாடத்துக்குள்ளேயே இருந்தது. கலம் சக்திக்காகச் செலவழிக்கும் ஏ.டி.பி. மூலக்கூறு, ஒரு குளுக்கோசிலிருந்து கிளைக்கோப்பகுப்பில் நிகரமாக 2தான் கிடைக்கிறது. முழுச் சுவாசத்தில் 30க்குக் குறையாது. அப்படியிருக்க, வேகமாகப் பெருகும் கலம் ஏன் நட்டமான வழியில் போகிறது? அவர்கள் பதில், பெருகும் கலத்துக்கு எரிபொருள் மட்டும் போதாது, புதுக் கலம் கட்டப் பொருளும் வேண்டும் என்பது. வீடு கட்டுகிறவன் பலகையையெல்லாம் அடுப்பில் வைக்கமாட்டான். குளுக்கோசின் காபன் கொழுப்பாகவும் டி.என்.ஏ. கட்டும் நியூக்கிளியோடைட்டாகவும் அமினோ அமிலமாகவும் திரும்ப வேண்டியிருக்கிறது. குளுட்டமின் போன்ற வேறு பொருட்களும் அந்தக் கட்டடத்துக்குப் போகின்றன. 2011இல் ஹனஹானும் வைன்பர்க்கும் புற்றுநோயின் அடையாளப் பண்புகளைப் புதுப்பித்து எழுதியபோது சக்தி அனுசேபம் மாறுவதையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு கட்டுரைக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் மேற்கோள்.

இதையெல்லாம் அண்ணிக்கு நான் சொன்ன விதம் வேறு. “நீங்க சோத்த விட்டாலும் ஒங்க ஈரல் ஒங்க தசையக் கரைச்சாவது இரத்தத்துக்குச் சீனி செஞ்சி குடுத்துக்கிட்டுத்தான் இருக்கும் அண்ணி. கட்டிக்கு வேண்டியது கெடச்சிரும். எளைக்கிறது நீங்கதான்.” அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிளினிக்கில் டாக்டரிடம் டின்னைக் காட்டினோம். அவரும் சாப்பாட்டை விடக்கூடாது, எடை குறைந்தால் மருந்தைத் தாங்க முடியாது என்றார். அன்று கம்பளையில் பஸ் நின்றபோது அண்ணியே ஒரு சோற்றுப் பார்சல் வாங்கச் சொன்னார்.

மேற்கோள் எண் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் முதலில் அதில் விழுந்தேன். எண் பெரிதென்றால் கண்டுபிடிப்பு பெரிது என்று அர்த்தமில்லை. உலகத்தில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரை 1951இல் லௌரியும் சகாக்களும் எழுதியது. மூன்று லட்சத்துக்கு மேல். அது எந்த நோய்க்கும் மருந்து சொல்லவில்லை. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை, அவ்வளவுதான். அளக்கிற ஒவ்வொருவரும் அதைக் குறிப்பிட்டார்கள். நேர்மாறாக, ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரிந்த பாடமாகிவிட்டால் மூலக் கட்டுரையை யாரும் குறிப்பிடுவதில்லை. கலச் சுவாசத்தின் ஒரு கட்டமான கிரெப்ஸ் வட்டத்தை நான் படிப்பிக்கும்போது ஹான்ஸ் கிரெப்ஸின் 1937ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறேனா? அந்தக் கிரெப்ஸ் வார்பர்க்கின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். அவருடைய அந்தக் கட்டுரையை நேச்சர் இதழ் எடுக்காமல் திருப்பி அனுப்ப, வேறொரு இதழில் போட்டு, 1953இல் நோபல் வாங்கினார்.

உயிரோடு இருக்கும் விஞ்ஞானிகளுக்கு ஸ்காலரில் தனிப் பக்கம் இருக்கும், அவர்களே திறந்திருந்தால். மொத்த மேற்கோள், கடந்த சில வருட மேற்கோள், எச்-இன்டெக்ஸ் மூன்றும் பக்கத்தில் வரும். எச்-இன்டெக்ஸை 2005இல் கொண்டுவந்தவர் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர். 30 என்றால், 30 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 30 தடவை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்று பொருள். அது ஏறும், இறங்காது. அந்தப் பக்கத்தில் நான் முதலில் பார்ப்பது எண்ணை அல்ல, வரிசையை. மேற்கோள் அளவில் அடுக்கியிருப்பதை வருட வரிசைக்கு மாற்றிவிட்டால் அந்த ஆள் இப்போது என்ன செய்கிறார் என்று தெரிந்துவிடும். மொத்த எண்ணின் பாதியை ஒரே ஒரு தொகுப்புக் கட்டுரை சுமக்கிறதா, ஐம்பது பேர் சேர்ந்து எழுதியதில் இவர் நடுவில் ஒரு பெயரா என்பதும் அங்கேயே தெரியும். ஸ்காலர் எதை எதை எண்ணுகிறது என்ற முழுப் பட்டியல் வெளியில் இல்லை. ஆய்வேடுகள், அச்சாகாத முன்வரைவுகள் எல்லாம் சேரும். அதனால் அதன் எண் மற்ற இடங்களை விடப் பெரிதாகவே இருக்கும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரையா என்று பார்க்க நான் பப்மெட்டுக்குத்தான் போவேன். அங்கே பக்கத்தின் தலையிலேயே எச்சரிக்கை போட்டிருப்பார்கள்.

ஐசைட் என்று இன்னொரு இலவசத் தளம், அந்த மருத்துவ நூலகமும் சேர்ந்த அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களுடையது. இது அதிகம் பேருக்குத் தெரியாது. ஒரு கட்டுரையின் மேற்கோளை அதே துறையின் மற்றக் கட்டுரைகளோடு ஒப்பிட்டுத் தரும். எனக்குப் பிடித்தது அதிலிருக்கும் முக்கோணம். ஒரு மூலை மனிதர், ஒரு மூலை விலங்கு, ஒரு மூலை கலமும் மூலக்கூறும். கட்டுரை எந்த மூலைக்குக் கிட்ட என்று புள்ளி வைத்துக் காட்டும். நோட்டீஸ்களில் வரும் ‘ஆய்வில் நிரூபணம்’ எல்லாம் எந்த மூலையில் நிற்கிறது என்று ஒரே பார்வையில் தெரிகிறது.

பிறகு ஒரு நாள் அண்ணியின் கிளினிக் அட்டையைக் கையில் எடுத்தேன். மருந்துப் பெயர்களில் ஒன்று ஃபுளூரோயூராசில். பப்மெட்டில் தட்டிப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தேன். எலியின் ஈரல் கட்டிகள் நியூக்கிளிக் அமிலம் கட்ட உதவும் யூராசில் என்ற பொருளைச் சாதாரண ஈரலை விட அதிகமாக எடுத்துக்கொள்கின்றன என்று 1954இல் ஒரு குழு கவனித்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு சார்ல்ஸ் ஹைடல்பர்கரும் சகாக்களும், யூராசிலில் ஒரு ஐதரசனை எடுத்துவிட்டு ஃபுளோரினை வைத்து ஒரு போலிப் பொருள் செய்து, 1957இல் நேச்சரில் எழுதினார்கள். கலம் நிஜம் என்று நினைத்து அதை எடுத்துக்கொள்ளும், டி.என்.ஏ. கட்டும் வேலை அங்கே நின்றுபோகும். புற்றுநோய் அனுசேபம் என்ற துறை அண்ணிக்குத் தந்தது அந்த மா அல்ல, கையில் ஏறிக்கொண்டிருந்த இந்தச் சேலைன்தான். அறுபது வருடத்துக்கு மேலாக அந்த மருந்து பாவனையில் இருக்கிறது. இதை நான் அவருக்குச் சொன்னபோது, “அப்ப இந்த எலிக்காரவங்களயெல்லாம் ஏன் நோட்டீஸ்ல போடல?” என்று கேட்டார்.

எங்கள் பிள்ளைகளுக்காக ஒரு விஷயம். என்னிடம் படித்த ஒரு பிள்ளை இப்போது பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறாள். அவள் பெயர் மூன்று கட்டுரையில் மூன்று விதம். அப்பா பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டில், தோட்டத்துப் பதிவில் இன்னொன்றில். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துத்தான். ஒரு கட்டுரையில் அது முன்னால், இன்னொன்றில் பின்னால். இயந்திரத்துக்கு அவள் மூன்று ஆட்கள். வெளிநாட்டில் இடம் கேட்டு விண்ணப்பிக்கும்போது மேற்கோளைப் பார்ப்பார்கள், மூன்றில் ஒரு பங்குதான் தெரியும். ஓர்கிட் என்று 16 இலக்க இலவச அடையாள எண் 2012இலிருந்து கிடைக்கிறது. முதல் கட்டுரைக்கு முன்னாலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள். ஒரே எழுத்துக்கூட்டில் கடைசிவரை நிற்கச் சொல்லுங்கள்.

என் மதிப்பெண்: பப்மெட்டுக்கு ஐந்துக்கு ஐந்து. ஸ்காலருக்கு நாலு. மேற்கோள் எண்ணுக்குக் கீழே எத்தனை பேர் மறுத்தார்கள் என்று தனியாகக் காட்டினால் அந்த ஐந்தாவதையும் தருவேன். போனில் இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன, டேட்டாவும் அதிகம் தின்னாது. மொழிதான் சுவர். அனுசேபம் என்று எங்கள் பாடப்புத்தகத்திலும் வளர்சிதை மாற்றம் என்று இந்தியப் புத்தகத்திலும் படித்த பிள்ளை, அங்கே ஆங்கிலச் சொல்லைத் தட்டினால்தான் எதையாவது காணும். அதற்காக ஒரு கொப்பியில் சொற்பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன், இதுவரை 140 சொற்கள். வேண்டுமானவர்கள் கேளுங்கள், படமெடுத்து அனுப்புகிறேன்.

அண்ணிக்கு இன்னும் இரண்டு தடவை மருந்து ஏற்ற இருக்கிறது. நாலில் இரண்டரை கிலோ திரும்பியிருக்கிறது.